ஹிம்யர் யூத அரசு இன்றுவரை நீடித்திருந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹிம்யர் என்பது எந்த நாடு? அப்படி ஒரு யூத அரசு நிஜமாகவே இருந்ததா?

இருந்தது. இன்றைய ஏமனின் தெற்கு மலைநாட்டில், யரீம் ஊருக்குப் பக்கத்தில் ஸஃபார் என்ற கோட்டை நகரம் இருந்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,800 மீட்டர் உயரம். அங்கிருந்து ஆண்டவர்கள்தான் ஹிம்யர் மன்னர்கள். மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் சபா நாட்டையும், அடுத்த சில பத்தாண்டுகளுக்குள் ஹத்ரமௌத்தையும் பிடித்துத் தென் அரேபியா முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்தார்கள். சுமார் 380இல், மல்கிகரிப் என்ற மன்னரின் காலத்தில், அரசக் கல்வெட்டுகளிலிருந்து பழைய தெய்வங்களின் பெயர்கள் காணாமல் போகின்றன. அதன் பிறகு 'வானத்தின் ஆண்டவன்' என்றும் 'ரஹ்மானான்' என்றும் ஒரே இறைவனைத்தான் கல்வெட்டுகள் அழைக்கின்றன. 'மிக்ராப்' என்ற தொழுகைக்கூடங்கள் எழுகின்றன. 525இல் அரசு வீழும்வரை ஏறத்தாழ 140 ஆண்டுகள் இந்த நிலை நீடித்தது.

அது யூத மதம்தானா? வேறு ஏதோ ஓரிறைக் கொள்கையாக இருக்கக் கூடாதா?

அறிஞர்கள் நெடுங்காலம் வாதாடிய கேள்வி இது. ரஹ்மானான் வழிபாடு பொதுவான ஓரிறைக் கொள்கைதான், அதற்கு யூத முத்திரை குத்தக் கூடாது என்றவர்கள் உண்டு. கிடைத்திருக்கும் கற்களைப் பார்த்தால் எனக்கு அந்த ஐயம் அதிகம் நிற்கவில்லை.

ஹஸி என்ற ஊரில் கிடைத்த கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். யூதர்களைப் புதைப்பதற்கென்று நிலத்துண்டுகள் ஒதுக்கப்பட்ட செய்தி அதில் இருக்கிறது. யூதரல்லாத எவரையும் அங்கே புதைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறது. பக்கத்திலிருந்த மிக்ராபின் பெயர் சூரியேல் என்றும் குறிக்கிறது. பைத் அல்-அஷ்வலில் யெகூதா யக்குஃப் என்ற செல்வந்தர் தாம் கட்டிய மாளிகைக்குக் கல் பொறித்திருக்கிறார். விண்ணுக்கும் மண்ணுக்கும் ஆண்டவனின் உதவியையும் 'தன் மக்கள் இஸ்ரவேலின்' வேண்டுதலையும் சொல்லி, மன்னரையும் வாழ்த்துகிறார். சபாயிய மொழியில் உள்ள அந்த வரிகளுக்கு நடுவே இருக்கும் சின்னத்துக்குள், உற்றுப் பார்த்தால்தான் தெரியும் அளவில், எபிரேய எழுத்துகளும் இருக்கின்றன. ஸன்ஆவுக்கு அருகே பைத் ஹாதிரில் எருசலேம் ஆலயப் பூசாரிகளின் முறைவரிசை எபிரேயத்தில் பொறித்த கல் ஒன்று கிடைத்தது. கலிலேயாவிலுள்ள பேத் ஷெஅரீம் கல்லறைக் குகைகளில் ஹிம்யர் நாட்டாருக்கென்று தனி இடமே இருந்தது.

சாதாரண உழவரும் மேய்ப்பரும் எல்லாம் யூதர்களாகிவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அரசகுலமும் குலத்தலைவர்களும் மாறினார்கள். வடக்கிலிருந்த நஜ்ரான் நகரில் கிறித்தவர்கள் வலுவாக இருந்தார்கள். மற்றவர்கள் என்ன நம்பினார்கள் என்று சொல்ல அவர்களிடம் கல்வெட்டு வெட்டக் காசில்லை.

பிறகு எப்படி வீழ்ந்தது?

செங்கடலுக்கு அக்கரையில் அக்ஸும் என்ற கிறித்தவ எத்தியோப்பியப் பேரரசு. வடக்கே பைசாந்தியம் என்ற கிழக்கு ரோமப் பேரரசு, கிழக்கே சாசானியப் பாரசீகம். மூன்றுக்கும் இடையில் ஹிம்யர். ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்ஸுமின் கை ஓங்கி, மஃதிகரிப் யஃபுர் என்ற கிறித்தவ மன்னர் அதன் ஆதரவில் அரியணையில் இருந்தார். 522இல் அவர் இறந்ததும் யூசுஃப் அஸ்அர் யத்அர் ஆட்சியைப் பிடித்தார். அரபு மரபில் இவர் து நுவாஸ்.

யூசுஃப் முதலில் செய்தது, ஸஃபாரிலிருந்த அக்ஸும் காவற்படையைக் கொன்று அவர்களுடைய தேவாலயத்தை எரித்தது. பிறகு கடற்கரைச் சமவெளி முழுவதும் படை நடத்தினார். அவருடைய தளபதி ஷரஹ்இல் யக்புல், நஜ்ரானை முற்றுகையிட்டுக் காத்திருந்த நாட்களில் ஹிமா கிணற்றுப் பாறைகளில் கணக்கு எழுதிவைத்திருக்கிறார்: கொல்லப்பட்டவர்கள் 12,500, சிறைபிடித்தவர்கள் 11,000, கைப்பற்றிய ஒட்டகம், மாடு, ஆடு 2,90,000. வெற்றிப் பெருமையில் கூட்டிச் சொன்ன எண்களாகவும் இருக்கலாம். ஆனால் அதைப் பெருமையாக நினைத்தார்கள் என்பதே போதும்.

523 நவம்பரில் நஜ்ரான் பணிந்தது. முதிய தலைவர் ஹாரித் உட்பட நூற்றுக்கணக்கான கிறித்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த பிப்ரவரியில் ரம்லா என்ற இடத்தில் பாரசீகச் சார்பு அரபு மன்னர் முந்திரின் பாளையத்தில், யூசுஃப் அனுப்பிய கடிதம் எல்லார் முன்னிலையிலும் வாசிக்கப்பட்டது. அங்கிருந்த பேத் அர்ஷாம் ஆயர் சிமியோன் கேட்டதை எழுதிக் கிறித்தவ உலகெங்கும் அனுப்பினார். பைசாந்தியப் பேரரசர் முதலாம் ஜஸ்டினின் ஊக்கத்தோடு அக்ஸும் மன்னர் காலேப் 525இல் கடல் கடந்தார். கப்பல்களில் 60 வெளியிலிருந்து திரட்டியவை. அவற்றில் 9 இந்தியாவிலிருந்து வந்தவை என்று 'தியாகி ஹாரித்தின் வரலாறு' என்ற பழைய கிறித்தவ நூல் குறிக்கிறது. யூசுஃப் போரில் மாண்டார். யூத அரசு அத்தோடு முடிந்தது.

இவ்வளவு கொலை செய்த ஓர் அரசு பிழைத்திருக்க வேண்டும் என்று ஏன் ஆசைப்பட வேண்டும்?

யூசுஃப் பிழைத்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. ஹிம்யர் பிழைத்திருக்க வழியிருந்ததா என்றுதான் கேட்கிறேன். இந்தப் பக்கம் முழுவதற்கும் அடிப்படையான என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஹிம்யரை வீழ்த்தியது நஜ்ரான். அந்தப் படுகொலை நடக்காமல் இருந்திருந்தால் கடல் கடந்து படையெடுக்கக் காலேபுக்கு அத்தனை கப்பலும் கிடைத்திருக்காது, பேரரசரின் ஆசியும் கிடைத்திருக்காது. தன் குடிகளில் ஒரு பகுதியைப் பகைவரின் கையாள் என்று கொன்ற மன்னர், அந்தப் பகைவரைத் தானே வரவழைத்தார். நஜ்ரான் படுகொலையை அப்படியே வைத்துக்கொண்டு ஹிம்யரை வாழவைக்கும் மாற்று வரலாறு எதுவும் என்னை நம்பவைத்ததில்லை.

அப்படியானால் கதை எந்த இடத்தில் திரும்புகிறது?

522இன் இறுதியில், ஸஃபாரில். அக்ஸும் காவற்படை சரணடையத் தயாராக இருக்கிறது. நிஜத்தில் உயிருக்கு உறுதி தந்துவிட்டு வெட்டினார்கள் என்று கிறித்தவச் சான்றுகள் சொல்கின்றன. நம் கதையில் அந்த உறுதியைக் காப்பாற்றுகிறார்கள். வீரர்களை மோக்கா துறைக்குக் கூட்டிப்போய்க் கப்பலேற்றுகிறார்கள். நஜ்ரானிடம் வரி வாங்குகிறார்கள், தேவாலயத்தைத் தொடவில்லை. அவ்வளவுதான் மாற்றம். புதிய ஆயுதமோ அதிசய வெற்றியோ வேண்டியதில்லை.

பைசாந்தியம் அப்போதும் சும்மா இருந்திருக்குமா?

இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அதன் கண் பட்டின் மேல். சீனப் பட்டு இலங்கை வழியாகக் கடலில் வந்தது. அதைப் பாரசீகர் வாங்கி ரோமருக்குக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். சுமார் 531இல் பேரரசர் ஜஸ்டினியன் ஒரு தூதரை அக்ஸுமுக்கும் ஹிம்யருக்கும் அனுப்பி, 'நீங்களே இந்தியரிடம் பட்டு வாங்கி எங்களுக்குத் தாருங்கள்' என்று கேட்டார். திட்டம் பலிக்கவில்லை. இந்தியக் கப்பல்கள் முதலில் வந்து சேரும் துறைகளில் பாரசீக வணிகர்கள் முன்கூட்டியே உட்கார்ந்து சரக்கு முழுவதையும் வாங்கிவிடுவார்கள் என்று அக்கால வரலாற்றாசிரியர் புரோகோப்பியுஸ் எழுதுகிறார்.

கேட்ட உதவி வணிக உதவி. அதைச் செய்ய மன்னர் எந்த மதத்தவராக இருந்தால் என்ன? ஏடனையும் மோக்காவையும் இரு பக்கத்து வணிகருக்கும் திறந்துவிட்ட ஒரு யூத மன்னரைக் கவிழ்க்கச் செலவு செய்வதைவிட அவருக்குப் பரிசு அனுப்புவது மலிவு.

வறட்சி காரணமென்று படித்தேனே?

அதுவும் உண்மை. ஓமானின் ஹோத்தி குகைச் சுண்ணாம்புப் படிவுகளை ஆராய்ந்தவர்கள் 500 முதல் 530 வரை அந்தப் பகுதியில் மிகக் கடுமையான வறட்சி இருந்ததை 2022இல் வெளியிட்டார்கள். மலைச்சரிவுகளில் படிப்படியாகக் கட்டிய வயல்களும், வெள்ளநீரைத் திருப்பும் மாரிப் அணையும் நம்பியிருந்த நாடு அது. மழை பொய்த்தால் வரி பொய்க்கும், குலத்தலைவர்கள் சண்டை போடுவார்கள். என் மாற்று வரலாற்றிலும் இந்த வறட்சி அப்படியே இருக்கிறது. வானத்தை மாற்றும் உரிமை எனக்கில்லை. ஆனால் அதே வறட்சிக்குப் பிறகும் அப்ரஹா என்ற கிறித்தவ மன்னர் அந்த நாட்டை ஒழுங்காக ஆண்டார், 548இல் உடைந்த மாரிப் அணையைச் செப்பனிட்டார். ரோம், பாரசீகத் தூதர்கள் அவர் அவைக்கு வந்தார்கள். நாடு தாங்கக்கூடியதாகவே இருந்தது என்பதற்கு அது சாட்சி.

இஸ்லாம் வந்த பிறகு ஒரு யூத மலை அரசு நீடித்திருக்க முடியுமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். 522இல் ஒன்று மாறினால் மக்காவில் என்ன மாறியிருக்கும் என்று ஊகிப்பதில் எனக்கு விருப்பமில்லை. கோடிக்கணக்கானோரின் நம்பிக்கைக்கு ஆதாரமான நிகழ்வுகளை விளையாட்டுக்காக அசைப்பது முறையாகப் படவில்லை. அதனால் இஸ்லாம் எழுந்ததும் பரவியதும் நிஜத்தில் போலவே இங்கும் நடக்கின்றன.

கேள்வி இப்படி ஆகிறது: கலீஃபாக்களின் உலகத்துக்குள் வேறு மதத்தைச் சேர்ந்த ஒரு சிறு அரசு எத்தனை காலம் தாங்கும்? இதற்குக் கற்பனை வேண்டாம். எகிப்துக்குத் தெற்கே நூபியாவில் மக்கூரியா என்ற கிறித்தவ அரசு இருந்தது. 652இல் தொங்கோலா முற்றுகையை அது தாக்குப்பிடித்தது. பிறகு 'பக்த்' என்ற உடன்பாடு: நூபியர் ஆண்டுக்கு 360 அடிமைகளைத் தர வேண்டும், எகிப்து தானியமும் துணியும் அனுப்பும். அடிமைகளை விலையாகக் கொண்ட அமைதி என்பதால் அதைப் போற்ற முடியாது. ஆனால் அந்த ஏற்பாடு ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகள் நின்றது.

இதைவிட நெருக்கமான சான்று அதே ஏமன் மலையில் இருக்கிறது. ஸைதி ஷியா இமாம்கள் 897இல் ஸஅதாவில் தொடங்கினார்கள். இடையிடையே அறுந்தாலும் அந்த ஆட்சிமரபு 1962 புரட்சிவரை வந்தது, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல். அய்யூபியர் வந்தார்கள், போனார்கள். உஸ்மானியர் 1538இல் ஏடனைப் பிடித்து, ஸன்ஆவரை ஏறி, 1635க்குள் விரட்டப்பட்டார்கள். மறுபடி 1872இல் வந்து 1918இல் திரும்பினார்கள். கடற்கரையைப் பிடிப்பது எளிது, மலையைத் தக்கவைப்பது கடினம் என்பது அந்த நாட்டில் திரும்பத் திரும்ப நடந்த கதை. ஸைதிகளுக்குக் கைகொடுத்த அதே கணவாய்களும் குலக்கட்டும் ஸஃபார் மன்னர்களுக்கும் கைகொடுத்திருக்கும். கடற்கரையையும் ஹத்ரமௌத்தையும் இழந்து, யரீமிலிருந்து ஸன்ஆவரைச் சுருங்கிய ஒரு நாடு. என் கணக்கில் நீடித்திருக்கக்கூடிய ஹிம்யர் அதுதான்.

யூத மன்னர்கள் ஆண்ட மற்ற நாடுகளை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? கஸார் பேரரசு, அதியாபெனே, ஹஸ்மோனிய யூதேயா?

கஸார்கள் திறந்த புல்வெளியில் இருந்தார்கள். 960களில் கீவ் அரசர் ஸ்வியாத்தொஸ்லாவ் சார்கெல் கோட்டையையும் தலைநகர் இத்திலையும் அழித்த பிறகு ஒதுங்க மலை இல்லை. அதியாபெனேயின் அரசி ஹெலேனா அற்புதமான பாத்திரம், ஆனால் அவர் நாடு ரோமுக்கும் பார்த்தியாவுக்கும் இடையிலிருந்த படைவழி. யூதேயா எகிப்துக்கும் சிரியாவுக்கும் நடுவே நெடுஞ்சாலையில் உட்கார்ந்திருந்தது. ஒப்பிடத்தக்கது எத்தியோப்பியாவின் செமியென் மலைகளில் பேத்த இஸ்ராயேல் என்ற எத்தியோப்பிய யூத மக்கள் கொண்டிருந்த தன்னாட்சி ஒன்றுதான். அது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நின்றது. அதுவும் மலைதான்.

அவர்களுடைய யூத மதம் மற்ற யூதர்களின் மதம் போலவே இருந்திருக்குமா?

நிஜத்தில் ஏமன் யூதர்கள் பாபிலோனியக் கல்விக்கூடங்களோடு தொடர்பு வைத்திருந்தார்கள். 1172இல் யூத அறிஞர் மைமோனிடிஸ் அவர்களுக்கு எழுதிய ஆறுதல் மடல் புகழ்பெற்றது. அரசு இல்லாத சமூகம் வெளியிலிருந்து வழிகாட்டலைத் தேடியது இயல்பு. தனக்கென்று மன்னரும் நீதிமன்றமும் இருந்த நாடு அப்படித் தேடியிருக்குமா? சிமியோன் ஆயரின் மடல், பாலஸ்தீனத்தின் திபேரியாவிலிருந்து ஆண்டுதோறும் பூசாரிகள் ஹிம்யருக்கு அனுப்பப்பட்டதாகக் குறைகூறுகிறது. அந்தத் தொடர்பு வளர்ந்திருந்தால் பாபிலோனை விடப் பாலஸ்தீன மரபையே பின்பற்றும் ஒரு சபை, மன்னரைத் தலைவராகக் கொண்ட ஒரு சபை, உருவாகியிருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி எழுத்து. ஹிம்யர் கற்களில் உள்ள முஸ்னத் எழுத்தும் எத்தியோப்பியாவின் கீஸ் எழுத்தும் ஒரே தென் அரேபியக் குடும்பம். எத்தியோப்பியாவில் அரசும் திருச்சபையும் நீடித்ததால் இன்றும் அடிஸ் அபாபாவின் கடைப் பலகைகளில் அந்த எழுத்து இருக்கிறது. ஏமனில் அரசு போனது, எழுத்தும் போனது. ஸஃபார் நின்றிருந்தால் முஸ்னத் எழுத்தில் பள்ளிப்பாடம், நாணயம், நாளிதழ் எல்லாம் இருந்திருக்கும். 17ஆம் நூற்றாண்டின் மாபெரும் ஏமன் யூதக் கவிஞர் ஷாலோம் ஷபாஸி எபிரேயத்திலும் அரமேயத்திலும் அரபியிலும் பாடினார். நான்காவதாக ஹிம்யர் மொழியிலும் பாடியிருப்பார் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே ஏக்கமாக இருக்கிறது.

இந்தியாவோடு தொடர்பு இருந்திருக்குமா?

கற்பனையே தேவையில்லாத பகுதி. 12ஆம் நூற்றாண்டில் ஏடனின் யூத வணிகத் தலைவர் மத்மூன், மங்களூரில் தங்கியிருந்த ஆப்ரகாம் பென் யிஜுவுக்கு எழுதிய வணிகக் கடிதங்கள் கெய்ரோவின் யூதத் தொழுகைக்கூடத்தில் பழைய தாள்களைப் போட்டுவைத்த கெனிஸா அறையில் கிடைத்திருக்கின்றன. மிளகு, இரும்பு, பாக்கு, வெண்கலப் பாத்திரம் என்று வீட்டுச்சாமான்வரை பேசுகிறார்கள். அதற்கு முன்பே, சுமார் 1000இல், சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவை உரிமைகளோடு வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. 849ஆம் ஆண்டுக் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் எபிரேய எழுத்தில் சாட்சிக் கையெழுத்துகள் உண்டு. இத்தனையும் பின்னால் அரசு இல்லாத வணிகர்கள் சாதித்தது. ஸஃபாரில் ஒரு மன்னர் இருந்திருந்தால் கொடுங்கல்லூருக்குத் தூதரும் வந்திருப்பார்.

காபி?

15ஆம் நூற்றாண்டில் காபி குடிக்கும் பழக்கம் ஏமனிலிருந்துதான் பரவியது. செடி வளர்ந்தது மலைச்சரிவில், விற்றது மோக்கா துறையில். மலை ஹிம்யரின் கையில், துறை வேறொருவர் கையில் என்றால் பேரம் பேசும் பலம் மலைக்குத்தான். 17ஆம் நூற்றாண்டின் செல்வம் முழுவதும் அங்கிருந்து வந்திருக்கும். டச்சுக்காரர்கள் ஜாவாவில் பயிரிடத் தொடங்கியதும் வருமானம் சரிந்திருக்கும்.

20ஆம் நூற்றாண்டில் என்ன ஆகியிருக்கும்?

பிரிட்டன் 1839இல் ஏடனை எப்படியும் பிடித்திருக்கும். அதற்குத் தேவை கப்பலுக்குக் கரி போட ஒரு துறை. மலைநாடு தனியாக விடப்பட்டிருக்கும். 1923இல் எத்தியோப்பியா சர்வதேச சங்கத்தில் (League of Nations) சேர்ந்ததுபோல ஹிம்யரும் சேர்ந்திருக்கலாம். அந்தச் சிறு விஷயத்திலிருந்து பெரிய விஷயம் ஒன்று கிளைக்கிறது.

1938 ஜூலையில் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி யூத அகதிகளைப் பற்றிப் பேசின. டொமினிக்கன் குடியரசைத் தவிர எந்த நாடும் பெரிய எண்ணிக்கையில் ஏற்க முன்வரவில்லை. அந்த மேசையில் 33ஆவதாக ஒரு யூத அரசின் பிரதிநிதி உட்கார்ந்திருந்தால்? வறண்ட மலைநாட்டால் லட்சக்கணக்கானோருக்குச் சோறு போட்டிருக்க முடியாது என்பது சரி. ஆனால் அன்று ஒருவரைக் காப்பாற்றப் பல நேரம் நிலம் வேண்டியிருக்கவில்லை, முத்திரை குத்திய ஒரு தாள் போதும். வியன்னாவில் சீனத் தூதரக அதிகாரி ஹோ ஃபெங் ஷான் ஷாங்காய்க்கென்று விசா எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவற்றைக் காட்டி வெளியேறியவர்களில் பலர் ஷாங்காய்க்குப் போகவே இல்லை, ஆனால் உயிர் பிழைத்தார்கள். வியன்னாவிலும் பெர்லினிலும் வார்சாவிலும் ஹிம்யர் தூதரகங்கள் இருந்து, மறுக்க முடியாத கடமையோடு அந்தத் தாளைக் கொடுத்திருந்தால் எத்தனை பேர் தப்பியிருப்பார்கள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. இந்த மாற்று வரலாற்றை நான் திரும்பத் திரும்ப எடுப்பதற்கு முதல் காரணமே அதுதான்.

இஸ்ரேல் உருவாகியிருக்குமா?

உருவாகியிருக்கும் என்றே நினைக்கிறேன். 1897இல் சியோனிச இயக்கத்தின் பேசல் மாநாட்டுக்கு வந்தவர்களின் நாட்டம் எருசலேமின் மேல். 1903இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் நிலம் தருவதாகப் பிரிட்டன் சொன்னபோதே இயக்கம் இரண்டுபட்டது. அரபு மலையில் ஒரு பழைய அரசு இருப்பது அந்த நாட்டத்தை நிறைவேற்றியிருக்காது. மாறியிருப்பது ஏமன் யூதர்களின் வாழ்க்கை. நிஜத்தில் 1679இல் அவர்களை மவ்ஸா பாலைவனத்துக்குத் துரத்தினார்கள், ஏராளமானோர் வழியிலும் அங்கேயும் இறந்தார்கள். 1949-50இல் ஏறத்தாழ 49,000 பேர் ஏடனிலிருந்து விமானத்தில் இஸ்ரேலுக்குப் போனார்கள். ஸன்ஆவின் வெள்ளிக் கொல்லர்கள் தங்கள் பட்டறையிலேயே இருந்திருப்பார்கள்.

இன்றும் மன்னராட்சியா?

எகிப்தில் 1952, ஏமனில் 1962, எத்தியோப்பியாவில் 1974. அந்த அலை ஸஃபாரைத் தொடாமல் போயிருக்காது. மன்னர் பெயரளவுக்கு மிஞ்சியிருக்கலாம்.

இந்தப் பின்னணியில் கதை எழுத ஆசை. எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்று விஷயம். ஒன்று, உங்கள் ஹிம்யரை முழுக்க முழுக்க யூதர்களால் நிரப்பாதீர்கள். நஜ்ரான் கிறித்தவரும் கீழ்ச்சரிவு முஸ்லிம்களும் இல்லாத ஹிம்யர் பொய்யாக இருக்கும். இரண்டு, நிகழ்ச்சிகளை மழையோடும் விளைச்சலோடும் சேர்த்தே நடத்துங்கள், அங்கே அரசியல் வயலில் தொடங்குகிறது. மூன்று, ஆண்டுக்கணக்கு. ஹிம்யர் சகாப்தம் கி.மு. 110இல் தொடங்குகிறது. ஹிமா பாறைகளில் 523க்கு 633 என்று இருப்பது அதனால்தான். உங்கள் பாத்திரம் 1948இல் ஒரு கடிதம் எழுதினால், மேலே 2058 என்று போட வேண்டும்.